மனோன்மணீயம் தந்த ஆசிரியர்

நாடோறும் காலையில் பள்ளி மணி அடித்ததும் மாணவர்கள் வரிசையாய் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகின்றனர். அப்பாட்டை அறியாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அதனை எழுதியவர் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. அப்பாட்டு ஒரு நாடக நூலின் முகப்பில் உள்ள வாழ்த்துப் பாடலின் பகுதி என்பதை அறிந்தோர் அவர்களினும் சிலர். அந்நாடகமோ, ஆங்கில வகுப்பில் ஆங்கில நாடகங்களைப் பயின்ற ஒரு மாணவர், தாம் பயின்றதை நெஞ்சில் ஊறவைத்துப் பின்னாளில் தம் தாய்மொழியில் ஆக்கிய நாடகமாகும். நூல் மனோன்மணீயம்; ஆசிரியர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. அவர் வாழ்ந்த காலம் 1855 முதல் 1897 வரை.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றுக்கு இடம் ஏன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர், வேளாளர் குடியினர். நம் உரிமைக்காகப் போராடிய பெரியோர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவரும் அல்லர். எனினும் நம் இளைஞர்க்கு அவர் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறிய நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் கதையைக் கண்டால் மகிழ்கின்றனர். பாட்டைக் கண்டால் பொறுத்துக்கொள்கின்றனர். பழைய நாடகத்தைக் கண்டால் மட்டும் அஞ்சி ஒதுங்குகின்றனர். அது நமக்குரியது அன்று என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சில் எப்படியோ குடியேறிவிடுகிறது. அவ்வெண்ணம் பொய் என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலே பணிபுரிந்த இவ்வாசிரியரின் வாழ்க்கை சான்றாகும். ஆதலின் அதனை இங்கே சுருக்கமாகக் கூற முற்பட்டோம்.

பிறப்பும் கல்வியும்

சுந்தரம் பிள்ளை 1855-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். மாடத்தி என்னும் பெயர் நம் நெல்லைச் சீமையின் சிற்றூர்தோறும் இன்றும் ஒலிக்கும் பெயரன்றோ! குடும்பத்தின் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து சென்று மலையாள நாட்டில் குடியேறியவர்கள். வீட்டு மொழி தமிழ். ஊர் மொழி மலையாளம். கல்லூரி மொழி ஆங்கிலம். மூன்று மொழிகளின் நடுவே வளர்ந்த பிள்ளை அவர்.

தமிழை அவருக்கு முறையாகக் கற்பித்தவர் நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை. பிற்காலத்தில் மறைமலையடிகளுக்கும் ஆசிரியராய் விளங்கியவர் அவரே. ஆங்கிலக் கல்வியைச் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் பெற்றார். அங்குள்ள மகாராசா கல்லூரியில் பயின்று 1876-இல் பி.ஏ. தேர்ச்சி பெற்றார். அக்கல்லூரியில் தத்துவம் கற்பித்த டாக்டர் ஹார்வி என்னும் ஐரோப்பியர் இவருடைய அறிவு வேட்கையைக் கண்டு அன்பு பாராட்டினார். அவ்வன்பை மாணவர் இறுதிவரை மறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தம் நாடகத்தை ஹார்விக்கே உரிமையாக்கினார். தாம் வாழ்ந்த இல்லம் இருந்த இடத்திற்கும் ஹார்விபுரம் என்று பெயரிட்டார்.

அக்காலத்தில் திருவனந்தபுரக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அப்பல்கலைக்கழகத் தேர்வுகளில் ஆங்கில இலக்கியம் கட்டாயப் பாடம். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் அதில் தலையாய இடம் பெற்றவை. கடல் கடந்த நாட்டில், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நாடகங்களை நம் நாட்டுப் பிள்ளைகள் வரி வரியாகப் படித்துப் பொருள் எழுதினர். அரிய சொற்களுக்குக் குறிப்பு எழுதுவர். குறிப்பை நெட்டுருச் செய்வர். தேர்வு முடிந்ததும் நூலை மூடிவிடுவர். அரசுப் பணி கிடைத்த பின் அந்நூலை மீண்டும் திறந்தவர் எத்தனை பேர்? பெரும்பாலோர்க்கு நாடகம் பணிக்குச் செல்லும் வழியில் கடக்க வேண்டிய ஓர் ஆறு, அவ்வளவே.

சுந்தரம் பிள்ளையோ அந்த ஆற்றில் இறங்கி நீராடியவர். நாடகத்தைப் படிக்கையில் அவருக்கு வியப்பு மட்டும் தோன்றவில்லை. ஒரு பசியும் தோன்றியது. இத்தகைய நூல் நம் மொழியில் ஏன் இல்லை, நம் மொழியில் இது இயலாதா என்னும் பசி அது. அவருடைய பிற்கால உழைப்புக்கெல்லாம் இப்பசியே வித்து எனலாம்.

நெல்லையில் தலைமையாசிரியர்

பட்டம் பெற்ற அடுத்த ஆண்டளவில் அவர் திருநெல்வேலிக்கு வந்தார். இங்கிருந்த ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு அகவை 22. இன்று அவ்வயதில் நம் இளைஞர்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் வாயிலில் நிற்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பள்ளி 1878-இல் கல்லூரியாக உயர்ந்தது. அக்கல்லூரியே மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி என்னும் பெயரோடு இன்றும் விளங்குகிறது. பாரதியார் 1894 முதல் 1897 வரை பயின்ற பள்ளியும் அக்கல்லூரியைச் சார்ந்ததே.

நெல்லையில் இருந்த நாளில் அவர் வாழ்வில் மற்றொரு தொடர்பும் ஏற்பட்டது. தாமிரபரணிக் கரையிலுள்ள கோடகநல்லூரில் சுந்தர சுவாமிகள் என்னும் துறவியார் இருந்தார். அவரைச் சுந்தரம் பிள்ளை ஞானகுருவாகக் கொண்டார். நாடகத்தில் அரசனுக்கு நல்வழி காட்டும் முனிவருக்குச் சுந்தர முனிவர் என்று பெயர் அமைந்ததை நோக்கினால், குருவின்பால் அவர் கொண்ட அன்பு புலனாகும்.

இவ்விடத்தில் உண்மை ஒன்றை மறையாது உரைத்தல் நம் கடமை. இளம் தலைமையாசிரியர் நெல்லையில் ஆங்கில நாடகமும் தத்துவமும் கற்பித்த அதே ஆண்டுகளில் நம் முன்னோர் எங்கிருந்தனர்? தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்ட கொடும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய காலம் அது. கூலி உழைப்பையன்றி வேறு உடைமை இல்லாத மக்களே அதில் முதலில் வீழ்ந்தனர். நம் மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி வழியாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றோர் பலர். பாபநாசம் முதல் சீவைகுண்டம் வரை ஆற்றுக்கால்கள் பாயும் நஞ்சைகளில் காரும் பிசானமும் விளைவித்த கைகள் எழுதுகோலைத் தொடவில்லை. கிறித்தவத் தொண்டர்கள் நடத்திய ஓலைக் கூரைப் பள்ளிகளில் சிலர் எழுத்தறிந்தனர். மற்றையோர்க்குப் பள்ளித் திண்ணையே எட்டாத உயரம். பஞ்சமர் கல்விக்கெனச் சென்னை மாகாண அரசு தனி ஆணை பிறப்பித்தது 1893-இல்தான். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் நம் குரலை உலகறியச் செய்ய இதழ் தொடங்கியதும் அதே ஆண்டில். ஆகவே சுந்தரம் பிள்ளை பெற்ற கல்வி வாய்ப்பு நம் பாட்டனார்க்கு மறுக்கப்பட்ட வாய்ப்பாகும். அதனை நினைவிற்கொண்டே அவர் வாழ்க்கையை நாம் கற்க வேண்டும். மறுக்கப்பட்டது எவ்வளவு பெரிய செல்வம் என்பது அப்போதுதான் விளங்கும்.

மீண்டும் திருவனந்தபுரத்தில்

சில ஆண்டுகள் நெல்லையில் பணியாற்றியபின் அவர் திருவனந்தபுரத்திற்குத் திரும்பினார். 1880-இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். இடையே சில ஆண்டுகள் திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்தார். 1885-இல் தாம் பயின்ற கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியராக அமர்ந்தார்; மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

நெல்லையை விட்டு நீங்கினாலும் நெல்லை அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அவர் எழுதிய நாடகத்தின் கதை நிகழும் இடம் திருநெல்வேலியே என்பதை நம்மவர் பலர் அறியார். பாண்டியன் மதுரையை விட்டு நெல்லையில் புதுக்கோட்டை கட்டிக் குடியேறுவதாகக் கதை தொடங்குகிறது. ஆங்கில நாடகத்தின் வார்ப்பில் உருவான தமிழ் நாடகத்திற்கு நம் ஆற்றங்கரையே களமாயிற்று.

நாடகம் பிறந்த வகை

மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் திங்களில்தான் மராட்டியக் குடும்பம் ஒன்றில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார் என்பதையும் நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நாடகத்தின் கதைக் கரு ஆங்கிலத்திலிருந்து பெற்றது. லிட்டன் பிரபு என்பார் 1866-இல் வெளியிட்ட கதைப் பாடல் தொகுதியில் மறைவழி என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கதை உண்டு. அதனைத் தழுவியே எழுதியதாக ஆசிரியர் தம் முகவுரையில் ஒளியாது கூறியுள்ளார். கடன் பெற்றதைக் கடன் என்று சொல்லும் நேர்மை எழுத்தாளர்க்கு வேண்டிய முதற் பண்பு.

கதையைச் சுருங்கச் சொல்லுவோம். பாண்டியன் சீவகன் நல்லவன். ஆயினும் எவரையும் எளிதில் நம்புபவன். அவன் அமைச்சன் குடிலன் சூழ்ச்சியில் வல்லவன். அரசன் மகள் மனோன்மணி சேர மன்னன் புருடோத்தமனைக் கனவிலே கண்டு காதல் கொள்கிறாள். அவனும் அவளைக் கனவிலே காண்கிறான். சேரனுக்கே அவளை மணமுடிக்கலாம் எனச் சுந்தர முனிவர் கூறுகிறார். தூதாக நடராசனை அனுப்பும்படி முனிவர் சொல்ல, குடிலனோ தன் மகன் பலதேவனை அனுப்புகிறான். அவன் நாஞ்சில் நாட்டைப் பற்றிச் செருக்கோடு பேச, மணப்பேச்சு போராக மாறுகிறது. பாண்டியன் தோற்கிறான். மனம் உடைந்த அரசனின் மகளைத் தன் மகனுக்கு மணமுடித்து அரசையே கைப்பற்றக் குடிலன் முயல்கிறான். முனிவர் முன்பே அமைத்திருந்த சுரங்க வழியைக் கண்டுபிடித்து, அதனைச் சேரனுக்குக் காட்டிக்கொடுக்கவும் செல்கிறான். சேரன் அவனைச் சிறைப்படுத்தி, அவ்வழியாகவே அரண்மனைக்குள் வருகிறான். கட்டாய மணம் நிகழவிருந்த வேளையில், கனவில் கண்டவனை நேரில் கண்ட மனோன்மணி அவனுக்கே மாலை சூட்டுகிறாள். சூழ்ச்சி வெளிப்படுகிறது.

இனி, ஆங்கில வகுப்பில் கற்றவற்றுள் எவற்றை அவர் கொண்டார் என்று காண்போம். ஐந்து அங்கம், அங்கத்திற்குள் களம் என்னும் பகுப்பை அவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் கண்டபடியே அமைத்தார். மனோன்மணீயம் ஐந்து அங்கமும் 20 களமும் உடையது. நம்பிக்கைக்குரியவன் போல் நடித்து நஞ்சு ஊட்டும் குடிலனைப் படிப்போர்க்கு ஒதெல்லோ நாடகத்தின் இயாகோ நினைவுக்கு வருவான். பித்தன் போல் பேசி உண்மை உரைக்கும் நாராயணனிடம் ஷேக்ஸ்பியரின் விதூடகர்களின் சாயல் உண்டு. அரசரோடு படைவீரரும் ஊராரும் களத்தில் தோன்றிப் பேசுவதும் அவ்வழியே. கதைக்குள் கதையாக வரும் சிவகாமி சரிதம், கோல்ட்ஸ்மித்து எழுதிய துறவி பற்றிய ஆங்கிலக் கதைப் பாட்டைத் தழுவியது. அக்கதைத் தலைவியின் பெயர் ஆசிரியரின் மனைவியார் பெயரே என்பதும் அறியத்தக்கது.

எல்லாவற்றினும் பெரிது அவர் யாப்புக்குக் கண்ட விடை. ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் பெரும்பகுதியை அடியின் இறுதியில் இயைபு இல்லாத ஒருவகைச் செய்யுளில் எழுதினார். ஓசை உண்டு, ஆனால் பேச்சின் இயல்பும் கெடுவதில்லை. அதற்கு ஈடாகத் தமிழில் எது பொருந்தும்? கீர்த்தனை பாடுவதற்கு இனியது, உரையாடலுக்கு ஏலாது. விருத்தம் நின்று நிமிர்ந்து நடக்கும். இருவர் மாறி மாறிப் பேச இடம் தராது. அவர் சங்கப் புலவர் கையாண்ட அகவலை எடுத்தார். அகவலடி நான்கு சீராய் நடப்பது, பேச்சுக்கு அண்மையது, வேண்டிய அளவு நீளவும் வேண்டிய இடத்தில் நிற்கவும் வல்லது. ஆங்கிலத்தில் கண்ட புதுமைக்கு விடை தமிழின் மிகப் பழைய பாவிலேயே இருந்தது. அந்நிய மொழியில் ஆழ்ந்து கற்றவரே தம் வீட்டுப் பெட்டகத்தில் இருப்பதையும் கண்டெடுத்தார்.

நாங்கூழ்ப் புழுவின் புகழ்

அரசரும் அமைச்சரும் பேசும் நாடகத்தில் நம் போன்றோர்க்கு என்ன இருக்கிறது என்று சில இளைஞர்கள் நினைக்கக்கூடும். அவர்கள் நடராசன் தனித்து நின்று பேசும் பகுதியைப் படிக்க வேண்டும்.

நடராசன் வயற்புறத்தில் ஒரு சிறு புல்லைக் காண்கிறான். பின் நாங்கூழ்ப் புழுவைக் காண்கிறான். நாங்கூழ் என்பது மண்புழு. அதை நோக்கி அவன் பேசும் பேச்சின் பொருளை நம் சொற்களில் தருகிறோம். உழைப்பவர் எல்லாருள்ளும் உழுபவர் உழைப்பே மிகுதி. உழுபவர்க்கெல்லாம் அரசு இப்புழு. எந்த மண்ணாயினும் அதனை நன்மண்ணாக்குவதற்கே தன் உடலை அது தந்துவிட்டது. மண்ணை உண்டு, குழைத்து, மெழுகினும் நேரிய சேறாக உருட்டி வெளிக்கொணர்கிறது. இவ்வளவும் செய்துவிட்டுப் புகழை விரும்பாதார் போலத் தன் வளையின் வாயை அவ்வுருண்டையாலேயே மூடிக்கொள்கிறது. அது உழாவிட்டால் பயிர் ஏது? அதனை எண்ணிப் பாராமல் எறும்புகள் அதற்குத் தீங்கு செய்கின்றன.

டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டது 1881-இல். அதற்குப் பத்தாண்டு கழித்து ஒரு தமிழ் நாடகத்தில் மண்புழு அரசாக முடிசூடியது. தாமிரபரணி வயல்களில் சேற்றில் நின்று, விளைவித்த நெல்லைப் பிறர் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டுப் பெயரற்றுப் போன நம் பாட்டன் பாட்டிமாரை அறிந்தவர்கள் அப்பகுதியைக் கண்ணீரின்றிப் படித்தல் அரிது. ஆசிரியர் புழுவைத்தான் பாடினார். நம் மக்களை எண்ணிப் பாடினார் என்று நாம் வலிந்து பொருள் கொள்ளவில்லை. நல்ல நாடகத்தின் இயல்பு, எழுதியவர் எண்ணாத நெஞ்சையும் சென்று தொடுவது.

நம் ஆற்றங்கரைக்கு இதற்கு முன்னும் ஒரு நாடகச் செல்வம் உண்டு. தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பகுதியைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளில் உழவனும் அவன் மனைவியர் இருவருமே தலைமை மாந்தர். நெல்வகையும் மாட்டுவகையும் ஏர்வகையும் அதில் அழகுற அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் பண்ணைக்காரன் உழவனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கும் காட்சியும் அதில் உண்டு. அது நகைச்சுவையாகவே நடத்தப்படுகிறது. தொழுவில் கால் மாட்டப்பட்டவனே அக்காட்சியை எழுதியிருந்தால் அது நகையாக இருந்திராது. எனவே நாடகத்தைப் படிப்பதோடு நம் கடமை முடிவதில்லை.

பிற பணிகளும் மறைவும்

சுந்தரம் பிள்ளை நாடக ஆசிரியர் மட்டும் அல்லர். திருவிதாங்கூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை ஆராய்ந்து, அந்நாட்டின் பண்டை அரசர் சிலரைப் பற்றி 1894-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். திருஞானசம்பந்தர் காலத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஆராய்ந்து, மேனாட்டார் சிலர் கூறிய பிற்காலக் கணக்கை மறுத்து, அவர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவர் அல்லர் என்று நிறுவினார். நூல்களை வகைப்படுத்தும் முறை பற்றி நூற்றொகை விளக்கம் என்னும் தமிழ் நூலை இயற்றினார். தமிழில் நாடகம், ஆங்கிலத்தில் ஆராய்ச்சி என இரு மொழியையும் இரு கைகளாகக் கொண்டு உழைத்தார். 1896-இல் அரசு அவருக்கு ராவ் பகதூர் பட்டம் அளித்தது.

அடுத்த ஆண்டே, 1897 ஏப்ரல் 26-ஆம் நாள், அவர் மறைந்தார். அகவை 42. இன்று நம்மில் பலர் வாழ்க்கை இனித்தான் தொடங்கப்போகிறது என்று எண்ணும் வயது அது. அவருடைய மகன் நடராசப் பிள்ளை விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, பின்னாளில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் அமைச்சராகி, 1954-இல் நிலச் சீர்திருத்தச் சட்ட முன்வடிவுகளைக் கொணர்ந்தார். நாங்கூழைப் பாடியவர் மகன் உழுபவர்க்கு நிலம் பற்றிச் சிந்தித்தது பொருத்தமே.

1970-இல் தமிழ்நாடு அரசு அவருடைய வாழ்த்துப் பாடலின் ஒரு பகுதியைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் அதற்கு இசையமைத்தார். 2021-இல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 1990-இல் நெல்லையில் எழுந்த பல்கலைக்கழகம் மனோன்மணியம் சுந்தரனார் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் அவர் பெயர் பொறித்த பட்டச் சான்றிதழைச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியுள்ளனர். அப்பெயருக்குரியவர் செய்தது யாது என்பதை அவர்கள் அறிதல் வேண்டுமன்றோ?

நம் வகுப்பறையில்

வாழ்க்கை வரலாறு ஈண்டு முடிகிறது. ஆயினும் ஆசிரியர் என்ற முறையில் நாம் கண்டதையும் சிறிது சொல்லி முடித்தல் நலம்.

நாம் பள்ளியில் பயின்ற நாளில் வெனிசு வணிகன் நாடகத்தின் வழக்கு மன்றக் காட்சி பாடமாக வந்தது. உறுப்பினர் பகுதிகளைப் படிக்க முன் வரிசைப் பிள்ளைகளை ஆசிரியர் எழுப்பினார். விடுதியிலிருந்து வந்த எங்களைப் பார்த்து, கதைச் சுருக்கத்தை மட்டும் நெட்டுருச் செய்தால் போதும், நாடகம் உங்களுக்கு வராது என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக இப்போது நாம் கருதவில்லை. தேர்ச்சி பெறட்டும் என்றே சொல்லியிருக்கலாம். ஆயினும் அச்சொல் பல்லாண்டு நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. பி.ஏ. வகுப்பில் நாடக நூலைக் கையில் எடுத்தபோதும் அதன் அட்டையைத் திறக்கக் கை தயங்கியது.

நாம் ஆசிரியரான பின் நிகழ்ந்தது வேறு. 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கில நூலின் துணைப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் புயல் நாடகம் கதை வடிவில் இடம்பெற்றது. அதில் ஒரு தீவில் காலிபன் என்பவன் அடிமையாய் விறகு சுமக்கிறான். பாடம் நடந்துகொண்டிருக்கையில் பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். அத்தீவில் முதலில் இருந்தவன் காலிபன்தானே, பின்னால் வந்தவர்க்கு அவன் ஏன் விறகு சுமக்க வேண்டும் என்று கேட்டான். அவன் தந்தையார் விறகு வெட்டிப் பிழைப்பவர். வகுப்பில் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. விடையும் உடனே வரவில்லை.

அன்றிரவு மூல நாடகத்தை எடுத்துப் படித்தோம். அம்மாணவன் கேட்ட கேள்வியைக் காலிபனே அங்கே கேட்கிறான்! தீவு தன் தாய் வழியாகத் தனக்குரியது என்றும், வந்தவன் முதலில் அன்பு காட்டிப் பின் தன்னை அடிமையாக்கினான் என்றும் வழக்காடுகிறான். கதைச் சுருக்கத்தில் அவ்வழக்கு விடுபட்டிருந்தது. சுருக்கம் போதும் என்பது எத்தகைய இழப்பு என்பதை நாம் அன்றுதான் முழுதும் உணர்ந்தோம். சுருக்கத்தில் விடுபடுவது பெரும்பாலும் விறகு சுமப்பவனின் பேச்சே.

மறுநாள் அப்பகுதியை மாணவர்களிடம் விளக்கினோம். அவர்கள் அதனைத் தம் சொந்தப் பேச்சில் தமிழ் நாடகமாக நடித்தனர். அக்கேள்வியைக் கேட்டவனே காலிபனாக, வீட்டிலிருந்து மெய்யான விறகுக் கட்டைத் தலையில் சுமந்து வந்தான். நடித்த பின் ஆங்கில வாக்கியங்கள் அவர்களுக்கு முன்போல் அந்நியமாய்த் தோன்றவில்லை. தேர்வில் அவன் பெற்ற மதிப்பெண் பெரிதன்று. ஆனால் அப்பாடத்திற்குரிய விடையைக் கையேட்டைப் பாராமல் தன் ஆங்கிலத்திலேயே அரைப் பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் பல. கருத்துப் பிழை ஒன்றும் இல்லை.

சுந்தரம் பிள்ளை செய்ததும் இதுவே. ஆங்கில நாடகத்தை முழுமையாகப் படித்தார். அதன்முன் கேள்வியோடு நின்றார். விடையைத் தம் மொழியில், தாம் வாழ்ந்த மண்ணில் தேடினார்.

இளைஞர்க்கு

அன்புள்ள இளைஞர்களே! நம் பாட்டனார்க்குப் பள்ளி மறுக்கப்பட்டது. நம் தந்தையார்க்குப் பள்ளி கிடைத்தது, நூல் கிடைக்கவில்லை. நமக்கு நூல் கிடைத்தது, நம்பிக்கை கிடைக்கவில்லை. உங்களுக்கு மூன்றும் கிடைத்தல் வேண்டும். பாடநூலில் நாடகம் வந்தால் பக்கத்தைத் தள்ளாதீர்கள். உரத்துப் படியுங்கள், ஒருவர் அரசனாகவும் ஒருவர் அடிமையாகவும் நின்று படியுங்கள். விளங்காத சொல்லைக் கேட்க நாணாதீர்கள். இவன் ஏன் சுமக்கிறான் என்று கேட்கவும் நாணாதீர்கள்.

சுந்தரம் பிள்ளை பிறந்து சரியாக நூறாண்டு கழித்து, 1955-இல் பிறந்தவர் நம் கே. ஏ. குணசேகரன். அவர் எழுதிய பலி ஆடுகள், ஒடுக்கப்பட்டோர் தாமே எழுதிய நாடகமாகத் தமிழில் இடம்பெற்றது. 2016-இல் அவரும் மறைந்தார். அவர் தொடங்கிய வழி நீள வேண்டும். தாமிரபரணிக் கரையில் உழுதவர்களின் நாடகத்தை உழுதவர் மரபில் வந்தவர்களே எழுதும் நாள் வர வேண்டும்.

சங்கத்தின் பொறுப்பாளர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் மனோன்மணீயத்தின் படிகள் சிலவும், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் மூலமும் தமிழாக்கமும் வாங்கி வைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் திரைப்படப் பாட்டுக்கு ஆடும் நேரத்தில் பாதியையேனும் குறைத்து, நம் பிள்ளைகள் ஒரு நாடகம் நடிக்க மேடை தருதல் வேண்டும். அன்று முன் வரிசையில் அமர்ந்து கேட்க நாமும் வருவோம்.